வீட்டிலேயே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர்: பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து செய்ய ஒரு விடுமுறைப் பணி



நம் வீடுகளில் பெரியவர்கள் பயான் கேட்பதும் கிராஅத் கேட்பதும் இன்று பெரும்பாலும் செல்போனில்தான். போனின் ஸ்பீக்கரோ விரல் நகம் அளவுதான் இருக்கும். அதிலிருந்து வரும் ஒலி மெலிந்து, கீச்சென்று ஒலிக்கும். உம்மம்மா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "என்ன சொல்றாங்கன்னு விளங்கலையே" என்று கேட்பது பல வீடுகளில் அன்றாடக் காட்சி.

கடையில் புளூடூத் ஸ்பீக்கர் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் அதை ஒவ்வொரு முறையும் போனோடு இணைப்பதும் சார்ஜ் போடுவதும் வயதானவர்களுக்குச் சிரமம். உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்துவிட்டால் முழுப் பொருளுமே குப்பைக்குப் போகிறது. ஒரு சுவிட்சும், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் மட்டும் உள்ள சிறு பெட்டிதான் அவர்களுக்கு ஏற்றது. அந்தப் பெட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, இரண்டு மூன்று நாட்களில் இதைச் செய்து முடிக்க முடியும். பாடப்புத்தகத்தில் ஓம் விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் பிள்ளை, ஒரு ரெசிஸ்டரைக் கையில் தொட்டுப் பார்த்திருக்காது. அந்தக் குறையும் இதில் தீரும். என்ன வாங்க வேண்டும், எப்படி இணைக்க வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

ஆம்ப்ளிஃபையர் செய்யும் வேலை

செல்போனின் இயர்போன் துளையிலிருந்து வருவது மிகச் சிறிய மின் அலை. காதுக்குள் வைக்கும் இயர்போனை அசைக்க அது போதும். உள்ளங்கை அகல ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்க அந்த மின்சாரத்துக்கு வலு இல்லை.

ஆம்ப்ளிஃபையர் அந்தச் சிறிய அலையை அப்படியே ஊதிப் பெரிதாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வலு வருவது பேட்டரியிலிருந்து. மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். திருகைத் திருப்ப ஒரு விரலின் பலம் போதும். ஆனால் கொட்டும் தண்ணீரின் வேகம் தொட்டி தருவது. போனிலிருந்து வரும் அலைதான் திருகைத் திருப்பும் விரல், பேட்டரிதான் தொட்டி. விரல் எப்படி அசைகிறதோ அப்படியே தண்ணீர் கூடிக் குறைகிறது. இந்தத் திருகின் வேலையைச் செய்வது ஒரு சிறு ஐ.சி.

எல்.எம். 386 என்ற எட்டுக் கால் ஐ.சி.

சிறு ஆம்ப்ளிஃபையர்களுக்கு உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்தும் ஐ.சி. எல்.எம். 386. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கியது. அந்த நிறுவனம் இப்போது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வசம் உள்ளது. விலை மலிவு, எளிதில் கிடைக்கும், சேர்க்க வேண்டிய பாகங்களும் குறைவு.

இதன் சாதாரண வகை 4 வோல்ட் முதல் 12 வோல்ட் வரை வேலை செய்யும். 6 வோல்ட் கொடுத்து, 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் சுமார் 325 மில்லி வாட் ஒலி தரும். ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்குதானே என்று எண்ண வேண்டாம். ஓர் அறையில் நான்கைந்து பேர் உட்கார்ந்து பயான் கேட்க அது தாராளமாகப் போதும். ஒலி எதுவும் வராதபோது இது எடுக்கும் மின்சாரம் சுமார் 4 மில்லி ஆம்பியர்தான். அதனால் நான்கு பென்டார்ச் செல்களே நீண்ட நாள் வரும்.

வெளியே வேறு பாகம் எதுவும் சேர்க்காவிட்டால் இந்த ஐ.சி. உள்ளே வரும் அலையை 20 மடங்கு பெருக்கும். 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் இடையே 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் 200 மடங்கு பெருக்கும். "200 என்றால் நல்லதுதானே" என்று பலரும் அதையே செய்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கரில் 325 மில்லி வாட் கிடைக்க அதற்குக் குறுக்கே சுமார் 1.6 வோல்ட் வேண்டும். 20 மடங்கு பெருக்கத்தில் அதற்கு உள்ளே வர வேண்டியது 0.08 வோல்ட் மட்டுமே. போனே அதைவிட அதிகம் தருகிறது. 200 மடங்கு வைத்தால் இரைச்சலும் சேர்ந்து 200 மடங்காகும். மைக்கை நேரடியாக இணைப்பவர்களுக்குத்தான் அந்தப் பெருக்கம் தேவைப்படும்.

வாங்க வேண்டியவை

ஊரில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் பாகக் கடையில், அல்லது சென்னை ரிச்சி தெருவில் இவை அனைத்தும் கிடைக்கும். கருவிகளைத் தவிர்த்துப் பார்த்தால் மொத்தச் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

- எல்.எம். 386 ஐ.சி. - 1 (முடிந்தால் 2 வாங்கி ஒன்றைக் கைவசம் வைக்கவும்)
- 8 கால் ஐ.சி. சாக்கெட் - 1
- 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் - 1
- 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் - 2
- 10 ஓம் ரெசிஸ்டர் - 1
- 220 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் - 1
- 100 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் - 1
- 10 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் - 1
- 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் (மேலே 104 என்று எழுதியிருக்கும்) - 1
- 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் (மேலே 473 என்று எழுதியிருக்கும்) - 1
- 8 ஓம் ஸ்பீக்கர், 3 அல்லது 4 அங்குலம் - 1
- 4 பென்டார்ச் செல் பிடிக்கும் பேட்டரி ஹோல்டர், ஒரு சுவிட்ச்
- 3.5 மில்லி மீட்டர் ஸ்டீரியோ பின் உள்ள வயர் - 1
- போர்டு (எந்த வகை என்று கீழே பார்ப்போம்)

கருவிகளில் 25 வாட் சோல்டரிங் அயர்ன், சோல்டர் கம்பி, சிறு கட்டர், ஒரு சாதாரண மல்டிமீட்டர் இவை போதும். பழைய ரேடியோ அல்லது டி.வி. வீட்டில் இருந்தால் அதன் ஸ்பீக்கரையே பயன்படுத்தலாம். பின்புறம் 8 ஓம் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் ஐ.சி.யைச் சூடாக்கும்.

இணைப்பு முறை

ஐ.சி.யை மேலிருந்து பாருங்கள். ஒரு முனையில் அரை வட்டப் பள்ளமோ சிறு புள்ளியோ இருக்கும். அந்த முனையை மேலே வைத்தால், இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலது பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. இதை ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை அது கண்முன் இருக்கட்டும்.

1. பேட்டரியின் மைனஸ் வயர் 4-ஆம் காலுக்கு. இதையே கிரவுண்ட் என்போம். பேட்டரியின் பிளஸ் வயர் சுவிட்ச் வழியாக 6-ஆம் காலுக்கு.

2. 6-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 மைக்ரோ ஃபாரட், 0.1 மைக்ரோ ஃபாரட் ஆகிய இரண்டு கெப்பாசிட்டர்களும். இவை ஐ.சி.க்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. ஒலி திடீரென உயரும்போது பேட்டரியால் உடனே தர முடியாத மின்சாரத்தை இவை சேமிப்பிலிருந்து கொடுக்கும்.

3. 2-ஆம் கால் நேராகக் கிரவுண்டுக்கு.

4. வால்யூம் கண்ட்ரோலுக்கு மூன்று கால்கள். ஓர் ஓரக் கால் கிரவுண்டுக்கு, நடுக்கால் ஐ.சி.யின் 3-ஆம் காலுக்கு, மற்ற ஓரக் காலில் போனின் ஒலி வர வேண்டும். திருகு தலைகீழாக வேலை செய்தால் இரண்டு ஓரக் கால்களையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

5. போன் பின்னின் நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி கிரவுண்டுக்கு. நம்மிடம் இருப்பது ஒரே ஸ்பீக்கர். ஆகவே இடது வயரையும் வலது வயரையும் ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. அது போனுக்கு நல்லதல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, ரெசிஸ்டர்களின் மறுமுனைகளைச் சேர்த்து வால்யூம் கண்ட்ரோலுக்குக் கொடுக்க வேண்டும்.

6. 7-ஆம் காலிலிருந்து 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு. பிளஸ் முனை 7-ஆம் கால் பக்கம். பேட்டரி வழியாக வரும் உறுமலை இது குறைக்கும்.

7. 5-ஆம் காலிலிருந்து 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஸ்பீக்கருக்கு. பிளஸ் முனை 5-ஆம் கால் பக்கம். ஸ்பீக்கரின் மறுமுனை கிரவுண்டுக்கு.

8. அதே 5-ஆம் காலிலிருந்து 10 ஓம் ரெசிஸ்டர், அதைத் தொடர்ந்து 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், பிறகு கிரவுண்ட். ஐ.சி. தானாகவே விசிலடிக்காமல் இது பார்த்துக்கொள்ளும்.

9. 1-ஆம் காலையும் 8-ஆம் காலையும் எதிலும் இணைக்க வேண்டாம்.

220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஏன் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். ஐ.சி.யின் 5-ஆம் காலில் எப்போதும் பேட்டரி மின்னழுத்தத்தில் பாதி, அதாவது 3 வோல்ட் நிற்கும். ஒலி அலை அதன் மேலும் கீழும் ஆடும். கெப்பாசிட்டர் இல்லாமல் ஸ்பீக்கரை இணைத்தால், அந்த 3 வோல்ட் 8 ஓம் சுருளில் 375 மில்லி ஆம்பியர் வரை மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். ஸ்பீக்கரும் ஐ.சி.யும் சூடாகும், பேட்டரி வீணாகும். கெப்பாசிட்டர் நிலையான மின்சாரத்தைத் தடுத்து, ஆடும் அலையை மட்டும் விடுகிறது. 220 மைக்ரோ ஃபாரடும் 8 ஓமும் சேர்ந்தால் சுமார் 90 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி நன்றாகப் போகும். பேச்சுக்கும் ஓதலுக்கும் இது போதும்.

எந்தப் போர்டு?

முதலில் பிரெட்போர்டில் செருகிச் செய்து பார்ப்பது நல்லது. சூடு இல்லை, ஈயம் இல்லை. தவறாகச் செருகினால் பிடுங்கி மாற்றலாம். ஒலி வந்த பிறகு நிரந்தரமான போர்டுக்குப் போகலாம்.

நிரந்தரப் போர்டுக்கு எளிய வழி, துளைகள் போட்ட ஜெனரல் பர்ப்பஸ் போர்டு. பாகங்களைத் துளைகளில் செருகி, பின்புறம் கம்பிகளால் இணைத்து சோல்டர் செய்ய வேண்டும். முதல் முறை செய்பவர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

கடையில் விற்கும் போர்டு போலவே செம்புப் பாதைகளோடு செய்ய ஆசைப்படும் பெரிய பிள்ளைகள், செம்புத் தகடு ஒட்டிய வெற்றுப் போர்டை வாங்கி அரித்தெடுக்கலாம். அதன் முறை இதுதான்:

செம்புப் பக்கத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி உலர்த்துங்கள். அதன் பிறகு விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் மை ஒட்டாது. பாதைகளை அழியாத பெர்மனென்ட் மார்க்கரால் இரண்டு முறை தடிமனாக வரையுங்கள். ஐ.சி.யின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 2.54 மில்லி மீட்டர். இரண்டு வரிசைகளுக்கும் இடையே 7.62 மில்லி மீட்டர். சாக்கெட்டையே போர்டின் மீது வைத்து அழுத்தினால் புள்ளிகள் சரியாக விழும்.

முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். நாம் வரைவது போர்டின் அடிப்பக்கம். ஐ.சி. உட்காருவது மேல்பக்கம். அடியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிவிடும். மேலிருந்து பார்க்கையில் இடது பக்கம் இருக்கும் 1-ஆம் கால், செம்புப் பக்கத்தில் வலது பக்கம் வரும். ஆகவே முதலில் மேல்பக்கப் படத்தைத் தாளில் வரைந்து, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் தெரிவதைப் பார்த்து வரைந்தால் தவறு வராது.

வரைந்த போர்டைப் பெரிக் குளோரைடு கரைசலில் போட்டு, தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மை இல்லாத இடத்துச் செம்பைக் கரைசல் தின்றுவிடும். மைக்கு அடியில் உள்ளது மிஞ்சும். கரைசலின் வலுவையும் சூட்டையும் பொறுத்து 10 நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை ஆகலாம். பிறகு நன்றாகக் கழுவி, மையைத் துடைத்து, 0.8 அல்லது 1 மில்லி மீட்டர் பிட் கொண்டு துளை போடலாம்.

பெரிக் குளோரைடு விஷயத்தில் விளையாட்டு கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். பிளாஸ்டிக் தட்டையே பயன்படுத்த வேண்டும். அலுமினியம், எவர்சில்வர் பாத்திரங்களை அது அரிக்கும். சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்குத் தொடவே வேண்டாம். கட்டியாக வாங்கினால் தண்ணீரில் அதைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடாகித் தெறிக்கும். துணியில் பட்டால் காவிக் கறை போகாது. மிச்சக் கரைசலை மறுமுறை பயன்படுத்த மூடிவைக்கலாம். ஆனால் குளிர்பானப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பழுப்பு நிறத்தில் இருக்கும் அதைக் குளிர்பானம் என்று ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிடக்கூடும். செம்பு கலந்த கழிவு மீன்களுக்கும் தண்ணீருக்கும் கேடு. சாக்கடையிலோ குளத்திலோ ஊற்றக் கூடாது. இந்த அளவு கவனம் வீட்டில் சாத்தியமில்லை என்றால் துளைப் போர்டே போதும். ஒலியில் எந்த வித்தியாசமும் இருக்காது.

சோல்டர் செய்வது

ஐ.சி.யை நேரடியாக சோல்டர் செய்யாமல் சாக்கெட்டை மட்டும் சோல்டர் செய்யுங்கள். ஐ.சி.க்குச் சூடு படாது. பழுதானால் மாற்றுவதும் எளிது.

அயர்னின் நுனியைப் பாகத்தின் காலும் செம்பும் சேரும் இடத்தில் வைத்து இரண்டையும் சூடாக்குங்கள். ஓரிரு விநாடிக்குப் பிறகு சோல்டர் கம்பியை அந்த இடத்தில் தொடுங்கள், அயர்னில் அல்ல. அது தானாக உருகிப் பரவும். கம்பியை எடுத்து, பிறகு அயர்னை எடுங்கள். மொத்தம் மூன்று நான்கு விநாடி போதும். நல்ல இணைப்பு பளபளப்பாக, சிறு மலை போல இருக்கும். உருண்டையாக, மங்கலாக நின்றால் அது டிரை சோல்டர். இன்று வேலை செய்யும், நாளை செய்யாது. மறுபடியும் சூடாக்கிச் சரிசெய்துவிடுங்கள்.

வழக்கமான சோல்டர் கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் உடலுக்குக் கேடு, அதிலும் குழந்தைகளுக்கு அதிகக் கேடு. கம்பியைப் பல்லால் கடிக்கக் கூடாது. வேலை செய்யும் மேசையில் சாப்பாடு வைக்கக் கூடாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும். காரீயம் கலக்காத கம்பி கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதுவே மேல். ஃப்ளக்ஸ் புகையை முகர வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். அயர்னை ஸ்டாண்டில் வைக்காமல் மேசையில் போடும் பழக்கமும், வீட்டில் தவழும் குழந்தை இருக்கும்போது அதன் வயரைத் தொங்கவிடும் பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

முதல் முறை சுவிட்சைப் போடும் முன்

ஐ.சி.யைச் செருகாமலே தொடங்குங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து பிளஸ் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே பாருங்கள். பூஜ்ஜியம் காட்டினால் எங்கோ சோல்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது; தேடிப் பிரித்துவிடுங்கள். சரியாக இருந்தால் பேட்டரியைப் போட்டு, சாக்கெட்டின் 6-ஆம் துளையில் 6 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

சுவிட்சை அணைத்து ஐ.சி.யைச் செருகுங்கள். பள்ளம் சரியான பக்கம் இருக்கிறதா என்று பிஸ்மில்லாஹ் சொல்லி இன்னொரு முறை பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். இப்போது 5-ஆம் காலில் சுமார் 3 வோல்ட் இருக்க வேண்டும். இருந்தால் ஐ.சி. நலமாக இருக்கிறது என்று பொருள். போனை இணைக்கும் முன், வால்யூமைப் பாதி திறந்து, போன் பின்னின் நுனியை விரலால் தொடுங்கள். "ம்ம்ம்" என்ற உறுமல் வந்தால் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்கிறது. நாம் பேட்டரியில் ஓட்டுவதால் இப்படித் தொடுவதில் ஆபத்தில்லை.

வரக்கூடிய கோளாறுகள்

ஒலியே இல்லை என்றால்: 5-ஆம் காலில் 3 வோல்ட் இருக்கிறதா? இருந்தால் கோளாறு ஸ்பீக்கர் பக்கம் அல்லது போன் பக்கம். இல்லையென்றால் 4, 6 கால்களின் இணைப்பைப் பாருங்கள்.

ஐ.சி. தொட முடியாதபடி சுட்டால்: உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஐ.சி. தலைகீழாக இருக்கலாம், பேட்டரி முனைகள் மாறியிருக்கலாம், 5-ஆம் கால் கிரவுண்டில் ஒட்டியிருக்கலாம்.

விசில் அல்லது "டுக் டுக்" சத்தம் வந்தால்: செல் தளர்ந்திருக்கலாம், அல்லது 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் சரியாக ஒட்டவில்லை. போனிலிருந்து வரும் வயரும் ஸ்பீக்கர் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலும் விசில் வரும், பிரித்து வையுங்கள்.

குரல் கரகரவென்று உடைந்தால்: போனின் ஒலி அதிகம். 6 வோல்ட் பேட்டரியால் அந்த 6 வோல்ட்டைத் தாண்டி அலையை உயர்த்த முடியாது. அலையின் உச்சி வெட்டுப்பட்டு, அது கரகரப்பாகக் கேட்கிறது. போனின் ஒலியையோ திருகையோ குறையுங்கள்.

ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி

ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்தால் ஒலி மெலிந்து ஒலிக்கும். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. இரண்டு அலைகளும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கனத்த ஒலிகள்தான் அதிகம் அழியும். மரப்பெட்டியிலோ கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவிலோ வட்டமாகத் துளை வெட்டி ஸ்பீக்கரைப் பொருத்தினால், அதே ஆம்ப்ளிஃபையரின் ஒலி நிரம்பிக் கேட்கும். தகர டப்பா அதிரும், தவிர்க்கவும். ஐ.சி.யை மாற்றுவதைவிட இந்தப் பெட்டி தரும் பலன் அதிகம்.

மின்சாரம்: இதில் சமரசம் கூடாது

பிள்ளைகள் செய்யும் இந்தப் போர்டை வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தோடு எந்த வகையிலும் இணைக்கக் கூடாது. "செல் வாங்கிக் கட்டுப்படியாகாது, பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுவிடலாம்" என்ற யோசனை வரும். உள்ளே இன்சுலேஷன் போன ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பூட்டாத ஒரு மூடி, அதில் படும் ஓர் ஈரக் கை. இவ்வளவு போதும் ஓர் உயிர் போக. தரமற்ற மலிவான செல்போன் சார்ஜர்களுக்கும் இது பொருந்தும். முழு ஒலியில் வைத்தாலும் இந்த ஆம்ப்ளிஃபையர் எடுப்பது சுமார் 100 மில்லி ஆம்பியர்தான், பேச்சுக்கு அதைவிடக் குறைவு. ரீசார்ஜ் செய்யும் நான்கு செல்களை வாங்கி வைத்தால் செலவுக் கவலையும் இல்லை. பவர் பேங்கில் ஓட்டலாமா என்றால், எடுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

காது கேளாமைக்கு இது மருந்தல்ல

வயதாகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது மெல்லிய, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ஸ, ஷ, ஃப போன்ற எழுத்துகளின் ஒலி அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் "சத்தம் கேட்குது, சொல்றதுதான் விளங்கலை" என்கிறார்கள். ஒலியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அது தீராது. பெட்டியை அறையின் மூலையில் வைத்துச் சத்தமாக ஓடவிடுவதைவிட, அவர்கள் உட்காரும் இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் மிதமாக வைப்பது நல்லது. அருகில் வரும் ஒலி தெளிவாக இருக்கும்.

இந்தப் போர்டில் ஸ்பீக்கருக்குப் பதிலாக இயர்போனை இணைத்து "காது மிஷின்" ஆக்கிவிட வேண்டாம். இதன் வலு இயர்போனுக்கு மிக அதிகம். மிச்சமிருக்கும் கேள்திறனையும் கெடுத்துவிடும். கேட்பதில் சிரமம் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதிலும் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் நாள் கடத்தாமல் உடனே காட்ட வேண்டும். தாமதித்தால் சிகிச்சையின் பலன் குறையும்.

இன்னொன்று. ஒலியைப் பெருக்கும் கருவி கைக்கு வந்ததும் அதைப் பெருக்கிக்கொண்டே போகும் ஆசையும் வரும். லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள். ஓதுவதாக இருந்தாலும், பக்கத்து வீட்டில் நோயாளியோ தூங்கும் குழந்தையோ தேர்வுக்குப் படிக்கும் மாணவரோ இருக்கலாம். நம் அறையில் உள்ளவருக்குக் கேட்டால் போதும்.

இதற்குப் பிறகு

இது சரியாக வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். 5 வோல்ட்டில் இரண்டு ஸ்பீக்கர்களை ஓட்டும் பி.ஏ.எம். 8403, அதைவிடப் பெரியதும் ஹீட்சிங்க் தேவைப்படுவதுமான டி.டி.ஏ. 2030 ஆகியவை இருக்கின்றன. அதைவிட முக்கியம், பழுதான ஒரு பொருளைத் திறந்து, எங்கே மின்சாரம் வருகிறது, எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்க்கும் துணிவு பிள்ளைக்கு வந்துவிடும். ரிப்பேர் கடை வைப்பவருக்கும் பொறியியல் படிப்பவருக்கும் தேவையான முதல் பாடம் அதுதான்.

கைவேலையை நம் முன்னோர் தாழ்வாகக் கருதியதில்லை. இரும்பைக் கொண்டு கவசம் செய்த தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டவர்கள். தியார்பக்ர் நகரில் வாழ்ந்த அல்-ஜஸரீ, 1206-இல் முடித்த தம் நூலில் 50 கருவிகளைப் படம் வரைந்து, மற்றவர்களும் செய்து பார்க்கும்படி ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று விளக்கினார். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்ததால்தான் அவர் பெயர் எட்டு நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கிறது.

உங்கள் பிள்ளை செய்து முடித்த பெட்டியை வீட்டில் உள்ள பெரியவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதைச் செய்யும் முறையைத் தெருவில் உள்ள இன்னொரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அதிகமாக்குவானாக. ஆமீன்.